பதினோரு தாள்

செவ்வாய், பிப்ரவரி 17. காலை 6.20.

ஆட்டோக்காரர் தாண்டவராயன் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டார். மற்ற நாட்களில் முதல் ஹாரனுக்கே ஷீபா டீச்சர் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். வேடந்தாங்கல் பறவைகள் கூட்டை விட்டுக் கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று பத்து நாட்களாகத் தாண்டவராயனின் தூக்கத்தைக் கெடுத்தவர் அவர். இன்று வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. ஆள் வரவில்லை.

"டீச்சர், டைம் ஆவுது" என்றபடி தாண்டவராயன் கதவைத் தள்ளினார்.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஷீபா டீச்சர் மல்லாந்து கிடந்தார். உடம்பில் ஏழு வெட்டுகள். கழுத்து வெட்டு எலும்பு வரை இறங்கியிருந்தது. தடுக்கப் போன இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவை கதவு நிலையின் ஓரத்தில் கிடந்தன. இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் உருண்டு, தேநீரும் ரத்தமும் ஒன்றாகப் பரவியிருந்தன. அதில் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.

தாண்டவராயன் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பிறகுதான் போனை எடுத்தார்.

காலை 6.55.

உத்திரமேரூரிலிருந்து ஏழு கிலோமீட்டரில் இருக்கிறது புங்கேரிப்பட்டு. ஊர் ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் வெங்கடேசனும் சப்-இன்ஸ்பெக்டர் திலகாவும் வந்தார்கள். வெங்கடேசன் எந்த வழக்கையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடப் பார்க்கும் மனிதர். திலகா அப்படியில்லை. கூடத்தை நிதானமாகச் சுற்றிப் பார்த்து, பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதுவது அவர் வழக்கம். அது வெங்கடேசனுக்கு எரிச்சல்.

சுவரில் மாலை போட்ட ஒரு பெரியவர் படம். அதன் கீழே சாமி அலமாரி, அதில் பித்தளை விபூதிக் கிண்ணம். பக்கத்து ஆணியில் உரக்கடை கொடுத்த தினசரிக் காலண்டர். 17, செவ்வாய், ராகு காலம் 3 முதல் 4.30. திலகா தேதியை அதைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதினார்.

மூலையில் ஒரு பழைய பிரம்பு நாற்காலி. அதையும் யாரோ வெட்டியிருந்தார்கள். ஒரு கைப்பிடி பிளந்து ஆணியோடு தொங்கியது, முதுகுப் பிரம்பு கிழிந்து நார்நாராக நின்றது.

"வெட்டு தவறி விழுந்திருக்கு" என்றார் வெங்கடேசன்.

திலகா குனிந்து பார்த்தார். வெட்டுத் தடங்களை நோட்டில் எழுதிக்கொண்டார்.

செத்தவர் இந்த வீட்டுக்காரர் இல்லை. வீடு வேதகிரியுடையது. பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருந்தும் மனைவி ஆதிலட்சுமியை ஒரு மலைக்குக்கூடக் கூட்டிப்போகாதவர். ஓட்டல் வாடகையைக் கேட்டாலே அவருக்கு மயக்கம் வரும். சென்னையில் வேலை பார்க்கும் மகள் பூஜா ஒரு வழி கண்டுபிடித்தாள். முன்பின் தெரியாதவர்கள் வீட்டை மாற்றிக்கொண்டு லீவைக் கழிப்பதற்கென்றே இணையத்தில் ஓர் இடம் இருந்தது. வாடகை கிடையாது. என் வீட்டில் நீ இரு, உன் வீட்டில் நான் இருக்கிறேன், அவ்வளவுதான். கோத்தகிரியில் தனியாக இருந்த ரிட்டயர்டு தாவரவியல் ஆசிரியை ஷீபாவுக்குப் பறவை பார்க்க ஆசை. ஆறாம் தேதி காலை வேதகிரியும் ஆதிலட்சுமியும் மலை ஏறினார்கள், மாலையில் ஷீபா இங்கே வந்து இறங்கினார். இருபதாம் தேதி வரை ஏற்பாடு.

இதில் ஒருவருக்கு மட்டும் மலையும் கிடைக்கவில்லை, வீடும் கிடைக்கவில்லை. வேதகிரியின் தம்பி வரதன். ஐம்பத்தைந்து வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிறந்ததிலிருந்து இதே வீடு. "முழு வீட்டையும் தர்றதா எழுதிட்டேன் சித்தப்பா, பதினாலு நாள் பொறுத்துக்கோங்க" என்று பூஜா கெஞ்ச, பையைத் தூக்கிக்கொண்டு வயல் நடுவே இருந்த மோட்டார் கொட்டாய்க்குப் போனார்.

அந்த வரதன் இப்போது ஈரத் துண்டோடு வாசலில் நின்றார். நெற்றியில் விபூதி இல்லாத முகம் வெளுத்திருந்தது.

"நேத்து கடைசியா எப்ப பாத்தீங்க?" திலகா கேட்டார்.

"பாக்கலீங்க மேடம். ஆறாந்தேதி பையத் தூக்கிக்கினு போனவன்தான். அப்பால இந்த வூட்டுக்குள்ளாற கால வைக்கல. பூஜா வரக்கூடாதுன்னு சொல்லிச்சு, வரல."

"காலையில எங்க இருந்தீங்க?"

"மோட்டார் போட்டுக்கினு மடை மாத்திக்கினு இருந்தேன். தாண்டவராயன் கத்தனது கேட்டு ஓடியாந்தேன்."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

வரதன் பின்கட்டைப் பார்த்தார். "பாண்டியனக் கேளுங்க. நம்ம வயல்ல வேல செய்யறவன். மாட்டுக்குத் தண்ணி காட்ட டெய்லி வருவான்."

காலை 8.30.

மாட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் ஒரு கொடுவாள் கிடைத்தது. பாண்டியனுடையது. பின்கட்டுக் கூரையின் இறவாணத்தில் எப்போதும் செருகி வைப்பான். தண்ணீர் கழுவியது போக, பிடியின் இடுக்கில் ரத்தம் இருந்தது.

வெங்கடேசன் பாண்டியனைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து தொட்டியோரத்தில் மண்டியிட வைத்தார்.

"உள்ள போனியா?"

"இல்லீங்க சார்."

"ஒரு தடவகூடப் போனதில்ல?"

"முப்பது வருசமா இந்த வூட்டுல வேல செய்யறேன். பின்பக்கந்தாங்க. டீயும் இங்கதான் வாங்கிக் குடிப்பேன். உள்ளாற போனதில்ல."

மதியம் ரேகை நிபுணர் முடிவைச் சொன்னார். கூடத்து நாற்காலியின் கைப்பிடியில் பாண்டியனின் ரேகை. சமையலறையில் ஒரு தட்டிலும் பாண்டியனின் ரேகை. வரதன் ரேகையும் எங்கும் இருந்தது, ஆனால் அது அவர் சொந்த வீடு. சொந்த வீட்டில் ரேகை இருப்பது குற்றமா? பாண்டியனுடையதுதான் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

வெங்கடேசனுக்கு அது போதும். ஸ்டேஷனின் பின் அறையில் லத்தி இரண்டு மணி நேரம் பேசியது. பாண்டியனின் கீழுதடு பிளந்தது, ஒரு பல் தரையில் தெறித்தது, வலது கால் பாதம் பந்தாக வீங்கியது. ஆனால் அவன் சொன்னது ஒன்றே. "உள்ளாற போவலீங்க."

"பொய் சொல்றான் பாரு" என்றார் வெங்கடேசன், வியர்வையைத் துடைத்தபடி. "நாளைக்குப் பதினோரு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்திடலாம்."

பொய்தான். அது திலகாவுக்கும் தெரிந்தது. எதற்காக என்பதுதான் தெரியவில்லை.

மாலை 4.10.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் பாண்டியனின் மனைவி மேரி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளிருந்து வந்த ஒவ்வொரு அலறலுக்கும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். திலகா அவளை ஜீப்புக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"உன் புருஷன் அந்த நாற்காலியத் தொட்டிருக்கான். இல்லேங்கறான். நீயாவது சொல்லு. நாளைக்கு ஜெயிலுக்குப் போயிட்டான்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மேரி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"டீச்சரம்மாதான் கூப்புட்டாங்க. ஞாயித்துக்கெயமை கோயிலுக்குப் போய்ட்டு வந்தோம். சாப்புட வாங்கன்னாங்க. பின்னால குந்தறோம்னா கேக்கல. கையப் புடிச்சு உள்ளாற இட்டுக்கினு போயி, இவர அந்த நாற்காலில குந்த வச்சாங்க. கறிக்கொழம்பு ஊத்தனாங்க. போட்டோ புடிச்சாங்க."

"இத ஏன் சொல்லல?"

"சொன்னா? அந்த நாற்காலி பெரியவரோடது மேடம். அவரு செத்து ஒம்போது வருசம் ஆவுது. வூட்டு ஆளுங்களே அதுல குந்த மாட்டாங்க. இவரு குந்தனாருன்னு தெரிஞ்சா வேல போவும். எங்க குடிச அவங்க நெலத்து ஓரத்துலதான் கீது, அதுவும் போவும். அடி வாங்கனாலும் வாயத் தொறக்காதன்னு நாந்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு மேரி முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள். திலகாவுக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, பூஜாவுக்குப் போன் செய்தார்.

பூஜா கோத்தகிரியிலிருந்து திரும்பும் அப்பா அம்மாவுக்காக வாலாஜாபாத்தில் உறவினர் வீட்டில் காத்திருந்தாள். முதல் நாள் இரவு வரை அவர்கள் டீச்சர் வீட்டிலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

"போட்டோ இருக்கு மேடம். டீச்சர் நேத்து சாயங்காலம் அந்த சைட்ல போட்டாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. எங்க குடும்ப குரூப்ல போட்டேன். எல்லாரும் பாத்தாங்க."

போட்டோ வந்தது. பாண்டியன் நாற்காலி நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடுபவன் போல உட்கார்ந்திருந்தான். மடியில் தட்டு. மேரி தரையில் சிரித்துக்கொண்டு. திலகா படத்தைப் பெரிதாக்கினார். பாண்டியனின் தலைக்குப் பின்னால் உரக்கடைக் காலண்டர் தெரிந்தது.

6. வெள்ளி.

திலகா தன் நோட்டைப் புரட்டினார். தன் கையெழுத்தில் இருந்தது: 17, செவ்வாய்.

மாலை 5.40.

தாண்டவராயனை வீட்டுக்கே வரச் சொன்னார். அவர் வாசலுக்கு மேல் வர மறுத்துவிட்டார்.

"காலையில உள்ள போனப்ப காலண்டரத் தொட்டீங்களா?"

"இன்னா மேடம் பேசறீங்க. பொணத்தப் பாத்த பயத்துல நான் காலண்டர் கிழிப்பனா."

"டீச்சர் கிழிப்பாங்களா?"

"மாட்டாங்க. நேத்து காலைல நான்தான் கேட்டேன். இன்னா டீச்சர், இன்னும் ஆறாந்தேதிலயே கீறீங்கன்னு. சிரிச்சாங்க. 'அது அவங்க வீட்டு நாள் தாண்டவராயன். அவங்க வந்து கிழிக்கட்டும், நான் தொடக்கூடாது'ன்னாங்க."

திலகா உள்ளே போனார். காலண்டருக்குக் கீழே சாமி அலமாரி. குப்பைக்கூடையில் தாள் இல்லை, அடுப்பங்கரையில் இல்லை. கடைசியில் விபூதிக் கிண்ணத்தைத் தூக்கினார்.

அதன் அடியில் இருந்தது. மொத்தமாகக் கிழித்து, ஓரம் பிசகாமல் நான்காக மடித்த கத்தை. பிரித்து எண்ணினார். ஆறு முதல் பதினாறு வரை பதினோரு தாள்.

இரவு போனில் வெங்கடேசன் சிரித்தார். "காலண்டர் கிழிச்சவன் கொலகாரனா? கோர்ட்டுல கைதட்டுவாங்க."

"தாள்ல ரேகை பாக்க அனுப்பியிருக்கேன் சார். நாலு நாள் ஆகுமாம்."

"பதினோரு மணிக்கு ரிமாண்ட்."

"பத்தரை வரைக்கும் டைம் குடுங்க. நீங்களும் கூட வாங்க. நான் சொல்றது தப்புன்னா கோர்ட்டுல நீங்களே முதல்ல கைதட்டலாம்."

புதன், பிப்ரவரி 18. காலை 8.05.

வரதனை வீட்டுக்கு வரவழைத்தார்கள். ஏதாவது பொருள் காணாமல் போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், பட்டியல் எழுத ஏட்டு வந்துகொண்டிருக்கிறார், அதுவரை கூடத்தில் இருங்கள் என்றார் திலகா.

காலண்டரும் கத்தையும் சாட்சிப் பொருளாகப் போய்விட்டன. அந்த ஆணியில் இப்போது ஸ்டேஷன் காலண்டர் தொங்கியது. அதுவும் அதே உரக்கடை கொடுத்ததுதான். மேல் தாளில் 17.

திலகாவும் வெங்கடேசனும் பின்கட்டு ஜன்னலோரம் நின்றார்கள். மாடு ஒன்று வெங்கடேசனின் தொப்பியை முகர்ந்தது.

வரதன் காய்ந்த ரத்தக் கறையைத் தாண்டி வந்து, அதற்கு முதுகு காட்டி நின்றார். வெட்டுப்பட்ட நாற்காலியைப் பார்த்தார். கீழே விழுந்திருந்த பிரம்பு நாரை எடுத்து ஓரமாகப் போட்டார். அப்பா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான்கு நிமிடம் போனது. வெங்கடேசன் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

வரதனின் கை நீண்டது. 'சர்ர்' என்று 17 கிழிந்தது. தாளை ஒரு பார்வை பார்த்தார். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, நகத்தால் ஓரத்தை அழுத்தினார். விபூதிக் கிண்ணத்தைத் தூக்கி அடியில் செருகினார். ஒரு சிட்டிகை விபூதி எடுத்து நெற்றியில் இட்டார்.

வெங்கடேசனின் முகம் மாறியது. திலகா பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

"இப்ப என்ன பண்ணீங்க வரதன்?"

"இன்னா பண்ணேன்? சும்மாதான் நின்னுக்கினு இருந்தேன்."

உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. திலகா கிண்ணத்தைத் தூக்கித் தாளை எடுத்துக் காட்டினார். வரதன் அதைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"நேத்து இதே இடத்துல இதே மாதிரி மடிச்ச பதினோரு தாள் இருந்துச்சு. திங்கக்கிழமை காலையில இந்தக் காலண்டர் ஆறாந்தேதியக் காட்டிக்கிட்டு இருந்ததுக்குத் தாண்டவராயன் சாட்சி. செவ்வாக்கிழமை காலையில பதினேழு. நடுவுல யாரோ வந்து கிழிச்சு, மடிச்சு, விபூதிக் கிண்ணத்துக்கு அடியில வச்சிருக்காங்க. டீச்சர் தொட மாட்டாங்க. பாண்டியன் முப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவ உள்ள வந்தவன், அவனுக்கு இந்தக் கிண்ணமும் பழக்கமில்ல, இந்த வீட்டு வழக்கமும் தெரியாது. உங்க அண்ணனும் அண்ணியும் கோத்தகிரியில. மிச்சம் இருக்கறது ஆறாந்தேதிக்கு அப்பறம் உள்ள கால வைக்கலன்னு சொன்ன ஆள்."

வரதன் நாற்காலிப் பக்கம் ஒரு அடி நகர்ந்தார்.

"டம்ளர் ரெண்டு. விடிகாலையில வந்தவருக்கு டீச்சர் டீ போட உள்ள போயிருக்காங்க. நீங்க இங்க தனியா நின்னீங்க. கை தன் வேலைய செஞ்சுது. அப்பறம் பின்கட்டுக்குப் போய்க் கொடுவாள எடுத்து வந்தீங்க. முதல்ல வெட்டுனது டீச்சர இல்ல." திலகா நாற்காலியைத் தொட்டார். "இந்த வெட்டுங்கள்ல ஒரு சொட்டு ரத்தம் இல்ல. சுத்தமான கத்தி. அவங்கள வெட்டறதுக்கு முன்னாடி இத வெட்டியிருக்கீங்க. இந்த நாற்காலி மேல இவ்வளவு கோவம் யாருக்கு வரும்? பாண்டியனுக்கா?"

பிளந்து தொங்கிய கைப்பிடி வரதனின் கையில் எப்போது வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஆணி நீட்டிக்கொண்டிருந்த பக்கமாக அதைத் திலகாவின் முகத்தை நோக்கி வீசினார். திலகா கையால் தடுத்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் வெங்கடேசனுக்கே கேட்டது. இரண்டாவது அடி தோளில் விழுந்து ஆணி சதையைக் கிழித்தது. வெங்கடேசன் பாய்ந்து அவர் பிடரியைப் பிடித்துச் சுவரில் மோதினார். மாலை போட்ட படம் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. உடைந்த மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட, வரதன் அந்தக் கண்ணாடிச் சில்லுகளின் மேலேயே முழங்காலிட்டார்.

"சொந்தக்காரனுங்களே டீக்கடைல வச்சு சிரிச்சானுங்க" என்றார். "போன நீட்டி, 'இன்னா வரதா, உங்கப்பன் எடத்துக்கு ஆள் வந்தாச்சு போல கீது'ன்னானுங்க. நான் பொறந்த வூட்ட வுட்டுட்டு கொட்டாயில கொசுக்கடில கெடக்கறேன். அவன் எங்கப்பன் நாற்காலில குந்திக்கினு துன்றான்."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"நாற்காலிய ஒடச்சு எரிச்சுட்டுப் போயிடலாம்னுதான் கத்திய எடுத்தேன். டீயோட வந்து குறுக்க நின்னா. 'இருபதாந்தேதி வரைக்கும் இது என் வீடு. என் விருந்தாளி எங்க உக்காரணும்னு நான்தான் சொல்வேன்'னா. ஊரு தெரியாது, பேரு தெரியாது, என் வூட்டுல நின்னுக்கினு எங்கிட்ட சொல்றா."

"உங்க அண்ணன் பத்து நாளா அவங்க கட்டில்ல படுத்துத் தூங்கினாரு. அவங்க தட்டுல சாப்பிட்டாரு. அதுக்கு அவங்க ஒரு வார்த்த சொல்லல" என்றார் திலகா.

ரத்தக்கறை படிந்த வேட்டி மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால் சேற்றில் புதைந்திருந்ததை வரதனே காட்டினார்.

காலை 10.50.

திலகா கையில் கட்டுடன் ஸ்டேஷனுக்கு வந்தபோது பாண்டியனை வெளி அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வீங்கிய காலைத் தரையில் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேரி அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெங்கடேசன் அவன் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு. அப்படி உக்காருய்யா."

மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி இருந்தது. பாண்டியன் அதைப் பார்த்தான். நகரவில்லை.

"நான் குந்தனதாலதான மேடம் அந்தம்மா செத்துச்சு" என்றான் திலகாவிடம். பல் போன இடத்தில் வார்த்தை இழுபட்டது.

"இல்ல. வெட்டுனதாலதான் செத்தாங்க. வெட்டுனவன் வரதன்" என்றார் திலகா.

மேரி அவன் முழங்கையைப் பிடித்தாள். "குந்து. அன்னிக்கு அந்தம்மா அவ்ளோ சொன்னப்பறம்தான் குந்தன. இன்னிக்கு அவங்களுக்காகக் குந்து."

பாண்டியன் மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நுனியில் அல்ல, முதுகு சாய உட்கார்ந்தான். பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போடுவதற்கு முன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"இங்க யாரும் போட்டோ புடிக்க மாட்டாங்களே மேடம்?" என்று கேட்டான்.